இயற்கைத் தேர்வும் பரம்பரையலகுப் பல்வகைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு வாசலில் காத்திருக்கும் அம்மாமார் கேட்பார்கள். பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். 155 பஸ்ஸில் பழைய மாணவி யாராவது கண்டால் அவளும் கேட்பாள். வருடக்கணக்காக ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

சொற்கள் நம் பாடநூலில் உள்ளவையே. ஜீன் என்பது பரம்பரையலகு. ஒரு பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்கள் எதிருருக்கள். ஓரிடத்தில் வாழ்ந்து தமக்குள் இனம்பெருக்கும் ஒரே இனத்துக் கூட்டம் குடித்தொகை.

மிஸ், பரம்பரையலகுப் பல்வகைமைன்னா சுருக்கமா என்ன?

ஒரு குடித்தொகைக்குள் ஒரே பரம்பரையலகுக்கு எத்தனை எதிருருக்கள் இருக்கின்றன, அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதுதான். இரத்த வகையைப் பாருங்கள். ஏ, பீ, ஓ என்று மூன்று பிரதான எதிருருக்கள். வகுப்பில் முப்பது பேர் இருந்தால் மூன்றும் அநேகமாக வந்துவிடும். எல்லோருமே ஓ வகை என்றால் அந்த ஒரு இடத்தில் பல்வகைமை பூச்சியம்.

தனி ஆளிடம் ஒரு பரம்பரையலகுக்கு இரண்டு எதிருருக்களுக்கு மேல் இருக்க முடியாது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஆகவே பல்வகைமை கூட்டத்தின் சொத்து. கூர்ப்பு (பரிணாமம்) அடைவதும் கூட்டம்தான், தனி உயிர் அல்ல. இதை மனதில் இருத்திக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இந்த வித்தியாசமெல்லாம் முதல்ல எங்கயிருந்து வந்தது?

விகாரத்திலிருந்து. கலம் பிரியும்போது டீ.என்.ஏ. பிரதி எடுக்கப்படுகிறது, அதில் அங்கொன்று இங்கொன்றாக எழுத்துப்பிழை விழும். பிறக்கும் ஒவ்வொரு மனிதக் குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் ஏறத்தாழ அறுபது இருக்கும். அநேகமானவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. முட்டையும் விந்தும் உண்டாகும் ஒடுக்கற்பிரிவும், அவை சேரும் கருக்கட்டலும் இருக்கிற எதிருருக்களைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் புதிய சேர்க்கைகளைத் தருகின்றன.

நுளம்பு மருந்துக்குப் பழகிப் போச்சு எண்டு எல்லாரும் சொல்லுகினம். அப்ப அது பழகிறதுதானே?

இல்லை. எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதிகமாகப் பிழைவிடும் இடமும் இதுதான். ஒரு தனி நுளம்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகுவதில்லை. மருந்து வருவதற்கு முன்னரே கூட்டத்தில் ஒரு சிலவற்றிடம் தற்செயலாகத் தாக்குப்பிடிக்கும் எதிருரு இருக்கிறது. மருந்து அடித்ததும் மற்றவை சாகின்றன, அந்தச் சில மிஞ்சுகின்றன. அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். சில தலைமுறைகள் போனபின் பார்க்கும் நமக்குக் கூட்டமே "பழகிவிட்டது" போலத் தெரிகிறது. இதுதான் இயற்கைத் தேர்வு.

இதைக் கண்முன் காட்டியவர்கள் ஜோஷுவா லெடர்பேர்க், எஸ்தர் லெடர்பேர்க் தம்பதி, 1952இல். பற்றீரியாக் கூட்டங்கள் புள்ளி புள்ளியாக வளர்ந்த தட்டின்மேல் வெல்வெட் துணி சுற்றிய ஒரு கட்டையை அழுத்தினார்கள். துணியின் நுண்ணிய இழைகள் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சிறிது தொட்டு எடுத்தன. அதே துணியை, திசை மாறாமல், மருந்து கலந்த தட்டில் அழுத்தினார்கள், முத்திரை குத்துவது போல. மருந்துத் தட்டில் எந்த இடத்தில் பற்றீரியா பிழைத்ததோ, முதல் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்துச் சோதித்துக்கொண்டே போனபோது, மருந்தை ஒரு முறைகூடச் சந்தித்திராத அந்தப் பரம்பரையிலேயே எதிர்ப்பு இருந்தது தெரிந்தது.

நம் நாட்டுக் கதை மலேரியா. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1946இல் வீடு வீடாக டீ.டீ.ரீ. என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். மறுபடி டீ.டீ.ரீ.யை எடுத்தபோது மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக் கூட்டத்தில் எதிர்ப்புள்ளவை பெருகியிருந்தன. 1970களில் மாலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறவேண்டி வந்தது. நோய் திரும்பி வந்ததற்கு எதிர்ப்பு மட்டும் காரணமல்ல, தெளிப்பைக் கைவிட்டதும் காரணம். ஆனால் பழைய மருந்து பழையபடி கைகொடுக்காமல் போனதற்குக் காரணம் இயற்கைத் தேர்வு. பிறகு பல வருட உழைப்பால் 2016இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அப்பா ஜிம்முக்குப் போய் உடம்பை ஏத்தி வச்சிருந்தா பிள்ளையும் அப்படிப் பிறக்குமா?

பிறக்காது. நம் சமூகத்தில் எத்தனை நூற்றாண்டுகளாகக் காது குத்துகிறோம்? இன்றுவரை ஒரு குழந்தையும் காதில் ஓட்டையோடு பிறக்கவில்லை. தட்டானைக் கூப்பிட்டு, மாமன் மடியில் இருத்தி, ஒவ்வொரு பிள்ளையையும் புதிதாக அழவைக்க வேண்டியிருக்கிறது. உடம்பில் நடப்பது முட்டையிலும் விந்திலும் உள்ள டீ.என்.ஏ. வரிசையில் எழுதப்படுவதில்லை. தசை எளிதில் வளரும் உடல்வாகை அப்பா தன் பெற்றோரிடமிருந்து பெற்றிருந்தால் அது பிள்ளைக்குப் போகலாம். ஜிம்மில் சிந்திய வியர்வை போகாது.

"வலியது வாழும்" எண்டதுதானே இயற்கைத் தேர்வு?

அந்த மொழிபெயர்ப்பு பிள்ளைகளைக் குழப்புகிறது. "தக்கன பிழைக்கும்" என்பது கொஞ்சம் நெருக்கம். இவற்றுக்கு மூலமான "survival of the fittest" என்ற ஆங்கிலத் தொடரை 1864இல் எழுதியவர் டார்வின் அல்ல, ஹேர்பேர்ட் ஸ்பென்சர். தகவு என்றால் பலம் அல்ல. அடுத்த தலைமுறைக்கு எத்தனை சந்ததியை விட்டுச்செல்கிறது என்ற கணக்கு. அதுவும் அந்த இடத்தில், அந்தக் காலத்தில். நேற்றுத் தக்கது நாளை தகாததாகலாம்.

பார்மசில வாங்கின அன்டிபயோட்டிக்கை ரெண்டு நாள்ல காய்ச்சல் நின்டதும் விட்டுட்டன். பிழையா?

முதல் பிழை அதற்கு முன்னால் நடந்தது: வைத்தியரிடம் போகாமல் வாங்கியது. தடிமன், சாதாரண வைரஸ் காய்ச்சல், டெங்கு எதற்கும் அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. ஆனால் குடலிலும் தோலிலும் தொண்டையிலும் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் குடியிருக்கும் கோடிக்கணக்கான பற்றீரியாவை அது கொல்லும். எவை மிஞ்சும்? வெல்வெட் துணிப் பதிலைத் திரும்ப வாசியுங்கள். மிஞ்சியவை தம் எதிர்ப்புப் பரம்பரையலகுகளைப் பிளாஸ்மிட் எனும் சிறு வளையங்களாக வேறினப் பற்றீரியாவுக்கும் கைமாற்றும்.

வைத்தியர் எழுதித் தந்தால் சொன்ன அளவு, சொன்ன நாட்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மிச்ச வில்லைகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம். நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள், ஆனாலும் வேண்டாம்.

ஒரு நல்ல இனம் கிடைச்சா அதையே எல்லா இடமும் நட்டா என்ன? விளைச்சல் கூடும்தானே?

சில வருடங்களுக்குக் கூடும். பிறகு என்ன ஆகும் என்பதற்கு உலகப் பாடநூல்கள் எல்லாம் சொல்லும் உதாரணம் நம் மலைநாடு.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே தேயிலை இல்லை, கோப்பி. மலையக மக்களின் மூதாதையரைத் தமிழகத்திலிருந்து முதலில் கொண்டுவந்தது கோப்பிக்காகத்தான். 1867இல் கண்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்ததும் கோப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். நட்டது அரபிக்கா என்ற கோப்பி இனம். அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. எத்தியோப்பியாவிலிருந்து யேமன் வழியாக வெளியே போன கொஞ்ச வித்துகளின் சந்ததிதான் அன்றைய தோட்டங்கள். மலைக்கு மலை மரங்கள் இலட்சக்கணக்கில் நின்றன, ஆனால் மரத்துக்கு மரம் வித்தியாசம் மிகக் குறைவு.

1869இல் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. தொட்டால் மஞ்சள் தூள் போல விரலில் ஒட்டும். கோப்பித் துரு என்ற அந்தப் பங்கசு காற்றில் பறந்து இலையில் விழுந்து முளைக்கும், இலை உதிரும், மீண்டும் துளிர்க்கும், மீண்டும் உதிரும், இரண்டு மூன்று வருடத்தில் மரம் களைத்துவிடும். ஒரு மரத்தைத் திறந்த சாவி எல்லா மரத்தையும் திறந்தது. 1880இல் வந்து ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், இடைவெளியின்றி ஒரே பயிரை நிரப்பியதே நோய்க்குப் பாதை போட்டது என்று காட்டினார். ஏறத்தாழ இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் சரிந்தது. துருவைத் தாங்கும் எதிருரு அந்தத் தோட்டங்களில் பெயருக்கேனும் இருந்திருந்தால் பிழைத்த மரங்களிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கலாம். தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் தேர்வு என்பது வெறும் சாவுதான்.

அப்ப தேயிலையும் அப்படித்தானே மிஸ்? எங்க தாத்தா தோட்டத்துல தண்டு வெட்டித்தான் நாத்து போடுவாங்க.

ஹட்டனிலிருந்து வந்து படித்த மாணவன் கேட்டது. மிகச் சரியான கேள்வி. பழைய தேயிலை மலைகள் வித்திலிருந்து வந்தவை. தேயிலை பிற மகரந்தத்தால் காய்ப்பதால் செடிக்குச் செடி வேறு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு செடிகளின் இலை அளவும் நிறமும்கூட ஒத்துப்போகாது. தண்டு வெட்டி வளர்த்தால் அந்த மலை முழுவதும் ஒரே தாய்ச் செடியின் பிரதிகள். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 2025 என்ற இனம் அப்படிப் பரவிய ஒன்று. கொழுந்து அதிகம், பறிக்கச் சுலபம், தரம் ஒரே சீர். இந்த நன்மைகள் உண்மையானவை. தோட்டத்தில் வேலை செய்பவரின் நாள் சம்பளம் பறிக்கும் கிலோவில் தங்கியிருக்கும்போது இவற்றை லேசாகத் தள்ளக்கூடாது.

ஆனால் கோப்பியின் அபாயம் அதற்குள்ளும் இருக்கிறது. பல இனங்களைக் கலந்து நடுவதும், பழைய வித்துத் தேயிலை மலைகள் சிலவற்றை முழுவதும் பிடுங்காமல் வைத்திருப்பதும் அதற்குத்தான் மருந்து.

எல்லா மாற்றமும் தேர்வாலதான் வருமா?

இல்லை, தற்செயலாலும் வரும். பரம்பரையலகு நகர்வு என்று படிக்கிறோம். வகுப்பில் பால்மா டின் ஒன்றில் சிவப்புக் கௌபி ஐம்பது, வெள்ளைக் கௌபி ஐம்பது போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிப் பத்து எடுக்கச் சொல்வேன். ஐந்துக்கு ஐந்து வருவது நான்கில் ஒரு தடவைதான். ஒருத்திக்கு ஏழு சிவப்பு வந்தால், அடுத்த டின்னை அதே ஏழுக்கு மூன்று விகிதத்தில் நிரப்பி மறுபடி பத்து எடுப்போம். ஏழெட்டுச் சுற்றுக்குள் சில பிள்ளைகளின் டின்னில் ஒரே நிறம்தான் மிஞ்சும். சிவப்பு நல்லது, வெள்ளை கூடாது என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

கூட்டம் சிறுத்தால் இது வேகமாக நடக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமா எனும் பெரும்பூனை இருபது முப்பதாகக் குறைந்தபோது வளைந்த வால், இதயக் குறை, பழுதான விந்து எல்லாம் பெருகின. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குறைகள் குறைந்து எண்ணிக்கை ஏறியது.

எங்கட யானைகளுக்கு ஏன் தந்தம் இல்லை?

ஆசிய யானையில் பெண்களுக்குத் தந்தம் வெளியே தெரியாது. இலங்கையில் ஆண்களிலும் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே உண்டு. தீவுக்கு வந்து சேர்ந்த சிறு கூட்டத்தின் தற்செயல், அதாவது மேலே சொன்ன கௌபிக் கதை, ஒரு காரணமாகலாம். நூற்றாண்டுகளாகத் தந்தமுள்ளவற்றைத் தேடிப் பிடித்ததும் சுட்டதும் இன்னொன்றாகலாம்.

வேட்டை எவ்வளவு வேகமாகத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு மொசாம்பிக்கின் கொரொங்கோசா காட்டைச் சொல்லலாம். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் அங்கிருந்த யானைகளில் பத்தில் ஒன்பது கொல்லப்பட்டன. போருக்கு முன் தந்தமற்ற பெண் யானைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. போருக்குப் பின் இரண்டில் ஒன்று. யானைக்கு ஒரு தலைமுறை கூட ஆகவில்லை.

மச்சானைக் கட்டினா பிள்ளைக்குக் குறை வருமா? வீட்டில பேச்சு நடக்குது, உண்மையைச் சொல்லுங்கோ.

இதை என்னிடம் கேட்டவள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். கணக்கைச் சொல்கிறேன். மாமன் மகளும் அத்தை மகனும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். தம் பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கை அவர்களிடமிருந்தே பகிர்ந்திருப்பார்கள். அவர்களின் குழந்தையில் பதினாறில் ஓர் இடத்தில் இரண்டு எதிருருக்களும் ஒரே மூதாதையின் பிரதிகளாக அமையும். நம் ஒவ்வொருவரிடமும் மறைந்திருக்கும் பின்னிடைவான, அதாவது இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும், கெட்ட எதிருருக்கள் சில உண்டு. அவை இரட்டையாகச் சேர இது வழி விடுகிறது. எந்தத் தம்பதிக்கும் குறையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. முதல் மச்சான் மச்சாளுக்கு அது ஏறத்தாழ இருமடங்கு. அதாவது நூறில் தொண்ணூற்றைந்து அளவில் குழந்தைகள் சுகமாகவே பிறக்கின்றன. இதைப் பயமுறுத்தாமலும் மூடி மறைக்காமலும் சொல்லவேண்டும்.

தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் கட்டிவந்திருந்தால் வாய்ப்பு மேலும் கூடும். குடும்பத்தில் பரம்பரை நோய் தெரிந்திருந்தால் திருமணத்துக்கு முன்பே வைத்தியரிடம் போங்கள்.

கெட்ட எதிருருவை இயற்கைத் தேர்வு நீக்கணும்தானே? அப்ப தலசீமியா ஏன் இன்னும் இருக்கு?

தலசீமியா கடும் இரத்தச்சோகை தரும் பின்னிடைவான பரம்பரை நோய். அது இன்னும் இருக்க இரண்டு காரணம். ஒன்று, ஒளிந்திருத்தல். பின்னிடைவான நோய் ஒன்று 10,000 பேரில் ஒருவருக்கு வந்தால், குடித்தொகையில் எதிருருக்களின் விகிதத்தைக் கணிக்கும் ஹார்டி-வைன்பேர்க் கணக்கின்படி ஐம்பது பேரில் ஒருவர் காவி, அதாவது அந்த எதிருருவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர். காவிக்கு நோய் இல்லாததால் தேர்வின் கண்ணில் அவர் படுவதில்லை. நோயாளிகள் எவருக்குமே பிள்ளை இல்லை என்று வைத்தாலும் அந்த எதிருரு பாதியாகக் குறைய நூறு தலைமுறை வேண்டும், ஏறத்தாழ 2,500 வருடம்.

இரண்டாவது காரணம் நுளம்புப் பதிலில் வந்த மலேரியா. தலசீமியா எதிருரு ஒன்று மட்டும் உள்ளவரைக் கடும் மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை. மலேரியா ஊர்களில் காவிகள் கூடுதலாகப் பிழைத்தார்கள், எதிருருவும் பிழைத்தது. மலேரியா பரவிக் கிடந்த குருநாகல் பகுதியில் தலசீமியா அதிகம் இருப்பது இதனோடு பொருந்துகிறது. இன்று மலேரியா போய்விட்டது, எதிருரு நிற்கிறது. காவிகள் இருவர் கட்டினால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு. காவியா இல்லையா என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். சாதகப் பொருத்தம் பார்க்கிற நாம் இதையும் பார்க்கவேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் இரத்தம் வேறயா?

நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்குப் போய்ப் பாருங்கள். பைகளில் ஏ, பீ, ஓ என்றுதான் எழுதியிருக்கும். 1972இல் பரம்பரையியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் உலகின் பல மக்களின் புரத வேறுபாடுகளைக் கணக்கிட்டார். மனிதரிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் எந்த ஒரு கூட்டத்துக்குள்ளேயும் இருந்தது. உங்கள் தெருவில் உள்ள இரண்டு தமிழரிடையே இருக்கும் வேறுபாடு சிறியதல்ல என்று பொருள். கூட்டங்களுக்கிடையே எதிருருக்களின் விகிதம் கொஞ்சம் மாறும். ஒரு கூட்டத்துக்கே உரியது, மற்றதில் அறவே இல்லாதது என்று சொல்லக்கூடிய எதிருரு மிக அரிது.

கரப்பான் மருந்தை வச்சா கரப்பான் கிட்டயும் வராம போகுது. அதுக்குப் புத்தி வந்துட்டுதோ?

இதை ஒரு ஃபிளாட் அம்மா கேட்டார். தேர்வு நாக்கிலும் வேலை செய்யும். சிறிய ஜெர்மன் கரப்பானுக்குக் குளுக்கோஸ் கலந்த பொறியுணவு 1980களில் அமெரிக்காவில் பரவலானது. இனிப்பை விரும்பிய கரப்பான்கள் தின்று செத்தன. குளுக்கோஸ் கசப்பாகத் தெரியும் விகாரத்தோடு பிறந்தவை தொடவில்லை. சில வருடத்திலேயே குளுக்கோஸைக் கண்டு ஒதுங்கும் கூட்டங்கள் பெருகின. 2013இல் அவற்றின் சுவை நரம்புகளைச் சோதித்தபோது, கசப்பை உணரும் கலங்கள் குளுக்கோஸுக்கும் துடித்தன. புத்தி தேவைப்படவில்லை.

பழைய நெல் வித்தை எல்லாம் குளிர் அறையில வச்சாச்சாம். பிறகென்ன, வயலில புதுசைப் போடலாம்தானே?

கன்னொறுவையில் தாவரப் பிறப்புரிமை வள நிலையம் வைத்திருக்கும் வித்துகள் நமக்குப் பெரிய செல்வம். அதன் பெறுமதிக்கு ஒரு கதை. வயற்காரர் அறக்கொட்டி என்று சொல்லும் கபில நிறத் தத்தி 1970களில் ஆசிய வயல்களை எரித்தது. 1973இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர். 26 என்ற எதிர்ப்பு இனத்தை இரண்டு மூன்று வருடத்திலேயே தத்தி வென்றது. ஒரே ஓர் எதிர்ப்புப் பரம்பரையலகைத்தான் அதில் நம்பியிருந்தார்கள். அதற்குப் பின் பல வருடம் தாங்கிய எதிர்ப்பு வந்தது நம் நாட்டுப் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியிலிருந்து. பின்னர் ஆராய்ந்தபோது அந்த ஓரிடத்தில் மூன்று பரம்பரையலகுகள் கூட்டமாக இருந்து காப்பது தெரிந்தது.

ஆனால் குளிர் அறையில் வித்து தூங்குகிறது. வைத்த வருடத்தில் இருந்த எதிருருக்களோடு அப்படியே இருக்கும். வெளியே தத்தியும் பங்கசும் உப்பும் வெயிலும் மாறிக்கொண்டிருக்கின்றன. வயலில் விதைத்து, அறுத்து, அதிலிருந்தே மறுபடி வித்தெடுக்கும்போதுதான் அந்த நெல்லும் கூடவே மாறும். இரண்டும் வேண்டும்.

தென்மராட்சியில் என் பெரியப்பா ஒரு துண்டு வயலில் வருடம் தவறாமல் மொட்டைக்கறுப்பன் விதைக்கிறார். கேட்டு வருபவருக்கு ஒரு கொத்து வித்து கொடுப்பார். காசு வாங்கமாட்டார். அறுத்தபின் இரண்டு கொத்தாகத் திருப்பித் தரவேண்டும், அதுவும் அவர்கள் வயலில் விளைந்ததாக இருக்கவேண்டும்.